பண்ணையார் முதுகில் இறங்கிய அருவி

பண்ணையார் திரும்பினார். போட்டோ ஸ்டுடியோவில் இருந்த அத்தனை பேரும் அவருடைய முதுகைப் பார்த்தோம்.

வெள்ளைப் பட்டு ஜிப்பா. அன்று காலைதான் பெட்டியிலிருந்து எடுத்திருக்க வேண்டும். கையில் மடிப்புக் கோடு இன்னும் இருந்தது. அந்த ஜிப்பாவில், தோள்பட்டையிலிருந்து இடுப்பு வரைக்கும், பின்னால் தொங்கிய படுதாவில் நான் வர்ணத்தில் எழுதிய குற்றால அருவி இறங்கியிருந்தது. இரண்டு பக்கமும் கரும்பாறை ஒட்டியிருந்ததால் நடுவில் தண்ணீர் நன்றாகவே தெரிந்தது. இடது தோளில் ஒரு பச்சை. அது நான் மூன்று நாள் உட்கார்ந்து எழுதிய மரம்.

படுதாவைப் பார்த்தேன். அருவி இருந்த இடத்தில் ஒரு மனித முதுகின் அளவுக்கு வெறும் காடாத் துணி தெரிந்தது.

முதலில் சிரித்தது புதுப்பெண். பண்ணையாரின் மகள்தான். கல்யாணம் முடிந்த கையோடு மாப்பிள்ளை வீட்டாரையும் கூட்டிக்கொண்டு வாசுதேவநல்லூரிலிருந்து சீசனுக்கு வந்திருந்தார்கள். சம்பந்தி முன்னால் பெண் சிரித்ததும் பண்ணையார் கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். விரலெல்லாம் கருப்பு.

"எவம்வே எழுதுனது இத?"

ஸ்டுடியோ முதலாளி வேலாயுத அண்ணாச்சி என்னைப் பார்த்தார். நான் ஒன்றும் ஓடி ஒளிகிறவள் இல்லை.

"நான்தாங்க எழுதினேன்" என்றேன்.

பண்ணையார் என்னை மேலும் கீழும் பார்த்தார். அண்ணாச்சி பக்கம் திரும்பி, "பொம்பளப்பிள்ள கையில படுதாவக் குடுத்தா வேற எப்படிவே இருக்கும்?" என்றார்.

இத்தனை வருஷமாகியும் அந்த வாக்கியத்தில் ஒரு எழுத்துகூட எனக்கு மறக்கவில்லை.

மலை என்றால் முக்கோணம்

போன வாரம் இந்தத் தொடரை, தென்காசி ஸ்டேஷனில் இரண்டு டிரங்குப் பெட்டியோடும் ஒரு தூரிகைக் கட்டோடும் நான் இறங்கிய இடத்தில் விட்டிருந்தேன். அங்கிருந்து பண்ணையார் முதுகுக்கு எப்படி வந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும்.

நான் மாயவரத்துப் பெண். அப்பா நாடகக் கம்பெனிகளுக்குப் படுதா எழுதினவர். வரைவது என்று நாங்கள் சொல்வதில்லை, எழுதுவது என்றுதான் சொல்வோம். தர்பார், தெரு, வனம், கைலாயம் இந்த நான்கும் இருந்தால் எந்த நாடகத்தையும் ஓட்டிவிடலாம். மாட்டுத் தோலிலும் எலும்பிலும் எடுக்கிற வச்சிரப் பசையைக் கரி அடுப்பில் உருக்கி, அதில் பொடி வர்ணத்தைக் குழைத்து, பெரிய தட்டைத் தூரிகையால் இழுப்பது. வச்சிரம் உருகுகிற நாற்றம் தெரு முனை வரைக்கும் போகும். நான் அந்த நாற்றத்தில்தான் வளர்ந்தேன். பன்னிரண்டு வயதில் வனப் படுதாவில் இலை போட்டேன். பதினாறு வயதில் முழு வனமும் என் கையில் வந்துவிட்டது.

கைலாயம் மட்டும் அப்பா எழுதுவார். நீல முக்கோணம், உச்சியில் வெள்ளை. அப்பா தன் ஆயுளில் ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பக்கத்தில் உயரமான வஸ்து என்றால் கோயில் கோபுரம், அதற்கு அடுத்து வைக்கோல்போர்.

எனக்குக் கல்யாணமாகி, கணவருக்குத் தென்காசி ஸ்டேஷனில் பார்சல் கிளார்க்காக மாற்றலாகி வந்தோம். நயா பைசா வந்து எல்லாரும் கடைக்குக் கடை குழம்பிக்கொண்டிருந்த சமயம் அது. முதல் நாள் காலையில் பின்கதவைத் திறந்தேன். மலை நின்றது.

முக்கோணமாக இல்லை. நீலமாகவும் இல்லை. ஒன்றாகவும் இல்லை, ஒன்றன் பின்னால் ஒன்றாக எத்தனை என்றே எண்ண முடியவில்லை. பத்து மணிக்கு மறுபடி வந்து பார்த்தால் மலையையே காணோம், வெறும் மேகம். மூன்று மணிக்குத் திரும்ப வந்தது, வேறு நிறத்தில்.

எனக்கு அழகாகத் தெரியவில்லை. கோபம்தான் வந்தது. இத்தனை வருஷம் ஒரு பொய்யை எழுதிக் கைத்தட்டல் வாங்கியிருக்கிறோமே என்ற கோபம். கணவர் ஆபீஸில் கழித்துப்போட்ட பார்சல் தாள்களின் பின்பக்கத்தில் அன்றைக்கே மலையைப் போட ஆரம்பித்தேன். சாரல் அடித்துத் தாள் நனையும். காயவைத்து மறுபடி போடுவேன். அந்த ஆனி, ஆடி இரண்டு மாதத்தில் எத்தனை மலை போட்டேனோ, ஒன்றுகூடச் சரியாக வரவில்லை. ஆனால் ஒன்றுகூட முக்கோணமாகவும் இல்லை.

கோயிலுக்குப் போனபோது கோபுரத்தையும் போட்டேன். அப்போதெல்லாம் தென்காசிக் கோபுரம் நடுவில் பிளந்து, இரண்டு பக்கமும் தனித்தனியாக நிற்கும். பிளவுக்குள்ளே வானம் தெரியும். வாசலில் ஆளைத் தள்ளுகிற காற்று. தாளை முழங்காலால் அழுத்திக்கொண்டு போட்டுக்கொண்டிருந்தேன். பூக்கட்டுகிற அம்மாள் எட்டிப் பார்த்தாள்.

"ஏம்மா, அதான் இடிஞ்சு கெடக்கு. நீயாவது முழுசா எழுதப்படாதா?"

"இருக்கறதைத்தான் போடுறேன்."

"நல்லாத்தான் இருக்கு போ, ஊரு மானத்த வாங்குததுக்கு" என்றாள். ஆனாலும் வரைந்து முடிக்கும்வரை பக்கத்திலேயே இருந்தாள்.

அருவிக்கு வந்தவர்களுக்கு அரண்மனை

மாயவரத்துக்கு அனுப்ப ஒரு போட்டோ வேண்டும் என்று அந்த ஆடியில் கணவரும் நானும் குற்றாலம் போனோம். பஸ் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில் வேலாயுத அண்ணாச்சி ஸ்டுடியோ. சீசனில் அங்கே எப்போதும் கூட்டம். அருவியில் கேமராவை வெளியே எடுத்தால் சாரலில் நாசமாகிவிடும். அதனால் குளித்துவிட்டு நேராக ஸ்டுடியோவுக்கு வந்து, தலை காய்வதற்குள் ஒரு படம் எடுத்துக்கொண்டு போவது வழக்கம்.

உள்ளே போய்ப் படுதாவைப் பார்த்தேன். பளிங்குப் படிக்கட்டு, தூண், ஏரி, அதில் இரண்டு அன்னம், மேலே நிலா.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அருவிக்கு வந்தவங்களை ஏன் அரண்மனையில நிறுத்தறீங்க?" என்று கேட்டுவிட்டேன். கணவர் என் முழங்கையைக் கிள்ளினார்.

அண்ணாச்சி கோபித்துக்கொள்ளவில்லை. "அருவியிலதான் குளிச்சாச்சேம்மா. போட்டோவுலயும் நனையணுமாக்கும்?" என்றார்.

"ஊருக்குப் போய்க் காட்டினா குற்றாலம் போனதுன்னு எப்படித் தெரியும்? மைசூர் போனதுன்னு நினைச்சுக்க மாட்டாங்களா?"

வரிசையில் நின்ற இரண்டு பேர் தலையாட்டினார்கள். அண்ணாச்சி அதைக் கவனித்தார். வியாபாரி இல்லையா? "அதுக்கு இங்கன யாரும்மா எழுதுதா?" என்று கேட்டார்.

"நான் எழுதறேன்."

சிரித்தார், ரொம்ப நேரம். அப்புறம் என் கணவரைப் பார்த்து, "கிளார்க்கையா, டேசனம்மா நெசமாத்தான் சொல்லுதாவளா?" என்றார். பார்சல் எடுக்க ஸ்டேஷனுக்கு வருகிறவர், இவரைத் தெரியும்; ஸ்டேஷன் கிளார்க்கின் மனைவி என்பதால் நான் டேசனம்மா.

"அவ பொய் சொல்ல மாட்டா. அதுதான் எங்களுக்குக் கஷ்டமே" என்றார் இவர்.

சும்மா சொல்லக்கூடாது, இவர் பயந்த சுபாவம்தான். ஆனாலும் என்னை யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. அடுத்த சீசனுக்குள் எழுதிக் கொடுப்பதாகப் பேச்சு முடிந்தது.

அருவிக்கரையில் குடையோடு

வாரத்தில் மூன்று நாள் காலை பஸ்ஸில் குற்றாலம் போவேன். பேரருவிக்கு எதிரே ஒரு பாறையில் குடையை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். ஒரு பொம்பளை தனியாக உட்கார்ந்து தாளில் எதையோ போடுகிறாள் என்றால் சும்மா விடுவார்களா?

எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கோவணத்தோடு வந்து நின்றார். தலையிலிருந்து கால்வரை எண்ணெய் மின்னியது.

"ஏம்மா, எங்களையா எழுதுத?"

"அருவிக்கு முன்னால நின்னா உங்களையும்தான்."

அவர் சட்டென்று தொப்பையை உள்ளே இழுத்துக்கொண்டார். நான் சொல்கிறவரைக்கும் மூச்சு விடவில்லை, பாவம்.

பெண்கள் குளிக்கிற பக்கத்திலிருந்து ஒரு அம்மாள் சண்டைக்கே வந்துவிட்டாள். "பொம்பளைக குளிக்கத எழுதி எந்தக் கடையில மாட்டப் போற?" தாளைத் திருப்பிக் காட்டினேன். ஈரக் கையோடு பிடுங்கிப் பார்த்தாள். அதில் பாறையும் தண்ணீரும் மட்டும்தான். "ஆளே இல்லியே?" என்றாள். "ஆளுங்க ஓடிட்டே இருக்காங்க. பாறைதான் நிக்குது" என்றேன். ஏமாற்றமாகப் போய்விட்டாள் என்றுதான் நினைக்கிறேன்.

இந்தத் தொடரைப் படிக்கிற ஒரு வாசகி, 'உங்களுக்குப் பிடிவாதம் கொஞ்சம் அதிகமோ?' என்று எழுதியிருக்கிறார். ஆமாம், அதிகம். அது இல்லாவிட்டால் அந்தப் பாறையில் இரண்டாம் நாள் உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சூரியன் எங்கே?

பங்குனியில் ஸ்டுடியோவுக்குப் பின்னால் இருந்த கொட்டகையில் காடாவை இழுத்துக் கட்டினேன். கரியில் கோடு போட்டதும் அண்ணாச்சி வந்து பார்த்தார்.

"எல்லாம் சரிம்மா. ரெண்டு மலைக்கு நடுவுல சூரியன் உதிக்கணும்லா? அத எங்க?"

"உங்க ஊர்ல மலை எந்தத் திசையில இருக்கு அண்ணாச்சி?"

"மேக்க."

"சூரியன் எங்கே உதிக்குது?"

அண்ணாச்சி திரும்பி மலையைப் பார்த்தார். பிறந்ததிலிருந்து பார்க்கிற மலை. தலையைச் சொறிந்தார். "சரி, அப்பம் விழுததா வச்சுக்கிடுவோம். கருப்பு வெள்ளப் படத்துல உதிக்குதா விழுதான்னு யாருக்குத் தெரியும்?"

"எனக்குத் தெரியும்."

"சரி, வானத்துக்கு நீலமாவது அடி."

"சாரல்ல நீல வானம் பார்த்திருக்கீங்களா?"

"இவ்வளவு பேசுத பிள்ளைய நான் எங்கயும் கண்டதில்ல" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். நான் சூரியனும் வைக்கவில்லை, நீலமும் அடிக்கவில்லை. சாம்பல் வானம், பாதி மலையை மூடின மேகம், ஈரத்தில் கறுத்த பாறை, மேலேயிருந்து விழுந்து நடுவில் ஒரு தடவை இடித்துக்கொண்டு மறுபடி விழுகிற தண்ணீர். என் ஆயுளில் நான் பொய் சொல்லாமல் எழுதிய முதல் படுதா அதுதான். அதை முடித்த அன்று கொட்டகையில் தனியாக நின்று கொஞ்சம் அழுதேன். சந்தோஷத்தில்தான்.

ஒரு ஆசை மட்டும் பாக்கி. அப்பா எழுதிய படுதாக்களில் கம்பெனியின் பேர் ஆள் உயரத்துக்கு இருக்கும், அப்பாவின் பேர் எங்கேயும் இருக்காது. இதில் என் பேரைப் போடட்டுமா என்று அண்ணாச்சியிடம் கேட்டேன். "படுதாவுல பேரு போடுத வழக்கம் கிடையாதும்மா" என்றார். அந்த ஒரு தடவை பேசாமல் இருந்துவிட்டேன்.

மாயவரத்து வச்சிரம்

ஆனியில் படுதாவை மாட்டினார்கள். இரண்டு நாள் நல்ல கூட்டம். மூன்றாம் நாள் வாசுதேவநல்லூர்ப் பண்ணையார் வந்தார். அண்ணாச்சி கேமராவின் கருப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு, "ஐயா, இன்னும் ஒரு அடி பின்னால… இன்னும் கொஞ்சம்…" என்றார். பண்ணையார் நகர்ந்து நகர்ந்து என் அருவியில் சாய்ந்தார். படமும் எடுத்தாகிவிட்டது. பிறகு திரும்பினார்.

தப்பு என்னுடையதுதான். அதை அப்போதே ஒத்துக்கொண்டேன். அப்பா சொல்லிக்கொடுத்த அளவுக்கு வச்சிரம் போட்டிருந்தேன். மாயவரத்தில் படுதா எழுதினால் ஒரு மணி நேரத்தில் காய்ந்து சடசடக்கும். நான் எழுதினதும் இங்கே கோடையில்தான், நன்றாகவே காய்ந்தது. ஆனால் சாரல் வந்துவிட்டால் குற்றாலத்தில் தீப்பெட்டிகூட நமத்துப்போகும் என்பது எனக்குத் தோன்றவில்லை. வச்சிரம் ஈரத்தை இழுத்து இளகிவிட்டது.

அதுகூடப் பரவாயில்லை. நாடகப் படுதாவில் யாரும் சாய்வதில்லை. இங்கேயோ சாய்கிறவர்கள் அத்தனை பேரும் இப்போதுதான் அருவியிலிருந்து வந்தவர்கள். ஈரத் தலை, ஈர முதுகு, பண்ணையாருக்குப் பட்டு ஜிப்பாவே உடம்போடு ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு வருஷம் அருவிக்கரையில் உட்கார்ந்து அந்த ஈர ஜனங்களைப் பார்த்தவள் நான். பாறையைப் பார்த்த கண் மனிதர்களைப் பார்க்கவில்லை.

ஆனால் பண்ணையார் சொன்னது அதையா? வச்சிரம் சரியில்லை என்று சொல்லியிருந்தால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். பொம்பளை என்றார். இதே காரியத்தை என் அப்பா செய்திருந்தால் ஆம்பளை என்றா சொல்லியிருப்பார்?

தட்டில் கிடந்த போட்டோ

சாயங்காலம் போனேன். அரண்மனைப் படுதா மறுபடி தொங்கிக்கொண்டிருந்தது. என் அருவி சுருட்டி மூலையில் கிடந்தது.

"மன்னிச்சுக்கம்மா" என்றார் அண்ணாச்சி. "நாளைக்குக் காலையில வாய்க்கால்ல அலசச் சொல்லியிருக்கேன். காடா நல்ல காடா, வேற எழுதிக்கிடலாம். பண்ணையாரு ஞாயித்துக்கிழம வரைக்கும் இங்கனதான் வீடு எடுத்துத் தங்கியிருக்காவ. அதுவரைக்கும் அது கண்ணுலயே படக்கூடாதுங்காவ."

அலசினால் ஒரு நிமிஷம் போதும். ஒரு வருஷத்து மலையும் மேகமும் வாய்க்காலோடு போய்விடும். அது மட்டுமா, டேசனம்மா எழுதின படுதா ஒட்டிக்கொண்டது என்ற பேச்சு மட்டும் நிற்கும். அதற்குப் பிறகு இந்த ஊரில் என் கையில் தூரிகையை யார் தருவார்கள்? அழக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்தேன்.

அங்கேதான் போட்டோ அலசுகிற தண்ணீர்த் தட்டு இருந்தது. பண்ணையார் குடும்பத்து போட்டோ, சாய்ந்தபடி எடுத்தது, தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பின்னால் என் அருவி. கருப்பு வெள்ளையில் அது அத்தனை நிஜமாக இருந்தது. கையில் எடுக்கப் போனேன்.

"வெரல வைக்காதம்மா, மேல பசை இருக்கு."

"என்ன பசை?"

"மாட்டு எலும்புல எடுக்கதும்பாவ."

வச்சிரமும் அதே சரக்குதானே! "அண்ணாச்சி, இது எத்தனை நேரமா தண்ணியில கெடக்கு?"

"மத்தியானத்துலேர்ந்து."

"ஏன் கரையலை?"

இதுகூடத் தெரியாதா என்பதுபோல் பார்த்தார். "படிகாரம் போடுதோம்லா. படிகாரத் தண்ணியில முக்கி எடுத்தா பசை இறுகிரும். இல்லன்னா படமே வழண்டு உரிஞ்சுல்லா போயிரும்."

படத்துப் பசையை இறுக்குகிற படிகாரம் வச்சிரத்தையும் இறுக்காதா? "வாய்க்காலுக்கு அனுப்பாதீங்க. சனிக்கிழமை வரைக்கும் விடுங்க. அப்பவும் ஒட்டினா நானே என் கையால அலசித் தரேன்" என்றேன்.

அவர் தட்டில் கிடந்த போட்டோவைப் பார்த்தார். "படம் என்னமோ நல்லாத்தான் வந்திருக்கு" என்று முனகினார். அதுதான் சம்மதம்.

படிகாரமும் கொசுமருந்து பம்பும்

வீட்டில் இவர், "விட்டுடேன் அபயம், ஊர் பேசும்" என்றார்.

"இப்பவும் பேசிட்டுத்தான் இருக்கு. பேச்சை மாத்தலாம்னு பார்க்கறேன்."

மறுபேச்சு பேசாமல் கடைக்குப் போய்ப் படிகாரக் கட்டி வாங்கிவந்தார். பக்கத்து வீட்டில் கொசுமருந்து அடிக்கிற பம்பை இரவல் வாங்கி ஏழு தடவை கழுவினார்.

தூரிகையால் தடவினால் உள்ள வர்ணமும் கலைந்துவிடும். அதனால் படிகாரத் தண்ணீரைப் பம்பில் விட்டுப் பனிபோல அடித்தேன். நாலு பக்கமும் கரி அடுப்பு வைத்துக் காயவிட்டேன், மறுபடி அடித்தேன். பண்ணையார் முதுகு துடைத்துக்கொண்டு போன இடத்தை, வச்சிரத்திலேயே படிகாரம் கலந்து புதிதாக எழுதினேன். கண்ணெல்லாம் புகை, கையெல்லாம் படிகாரம் பட்டுச் சுருங்கிப்போயிற்று. அந்த இடத்துக்குச் சற்று மேலே பாறையில், யாரையும் கேட்காமல், இன்னும் ஒன்று எழுதினேன். அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நனைந்த சட்டை

சனிக்கிழமை காலையில் இவருடைய வெள்ளைச் சட்டையை எடுத்துப் புடவைக்கு மேலே மாட்டிக்கொண்டேன்.

"அது ஆபீஸ் சட்டை" என்றார்.

"தெரியும். கறை பட்டா நானும் உங்களோட ஆபீஸுக்கு வந்து பதில் சொல்றேன்."

அந்தக் கோலத்தோடேயே பஸ்ஸில் போனேன். பேரருவியில் பெண்கள் பக்கம் இறங்கி நேராகத் தண்ணீருக்கு அடியில் நின்றேன். ஒரு வருஷம் எதிரே உட்கார்ந்து எழுதினேனே தவிர, அதற்கு அடியில் நின்றதில்லை. தலையில் அடித்த அடியில் மூச்சு நின்றது. இவ்வளவு கனமா நீ, இதை நான் எழுதவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

சொட்டச் சொட்ட நடந்து பண்ணையார் தங்கியிருந்த வீட்டு வாசலுக்குப் போனேன். தெருவே பார்த்தது. பண்ணையார் வெளியே வந்தார்.

"ஐயா, ஸ்டுடியோவுக்கு ஒரு நிமிஷம் வாங்க."

"என்னத்துக்கு?"

"என் முதுகைப் பார்க்க."

அவர் முகம் சுண்டிப்போயிற்று. பின்னால் நின்ற மகள், "வாங்கப்பா, பாத்துட்டுத்தான் வருவமே" என்று செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டாள். வேறு வழியில்லாமல் அவரும் வந்தார். ஸ்டுடியோ வாசலில் இருபது பேராவது கூடியிருப்பார்கள்.

படுதாவுக்கு முன்னால் நின்றேன். முதுகை அழுத்திச் சாய்ந்தேன். போதாது என்று தோளை இரண்டு தடவை அப்படியும் இப்படியும் தேய்த்தேன். அண்ணாச்சி கண்ணை மூடிக்கொண்டார்.

"எடுங்க அண்ணாச்சி."

"எதம்மா?"

"போட்டோவைத்தான். வேற என்னத்தை?"

எடுத்தார். பிறகு நான் திரும்பினேன்.

எனக்கு என் முதுகு தெரியாது. எதிரே என் அருவி மட்டும்தான் தெரிந்தது. தண்ணீர்த்துளி அதன்மேல் உருண்டு இறங்கிக்கொண்டிருந்தது, பாறை அப்படியே இருந்தது. பின்னாலிருந்து புதுப்பெண்தான், "சட்டை வெள்ளையால்லா இருக்கு!" என்று கத்தினாள்.

பண்ணையார் கிட்டே வந்தார். விரலை ஈரமாக்கிப் பாறையில் வைத்துத் தேய்த்தார். விரலைப் பார்த்தார்.

"ஐயா" என்றேன். "வச்சிரத்துல படிகாரம் போடாதது என் தப்பு. உங்க ஜிப்பாவுக்கு அதுக்காக மன்னிப்புக் கேட்டுக்கறேன். பொம்பளையா இருக்கறதுக்கு யார்கிட்டயும் கேட்க மாட்டேன்."

அவர் துண்டால் விரலைத் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். கொஞ்ச நேரம் அருவியையே பார்த்தார். பிறகு, "வேலாயுதம், எங்கள மறுபடி ஒண்ணு எடும்வே. ஆனா நாஞ் சாயமாட்டேன்" என்றார்.

சாய்ந்ததென்னவோ மாப்பிள்ளைதான், அதுவும் வேண்டுமென்றே. பண்ணையார் ஒரு அடி முன்னால் தள்ளி நின்றுகொண்டார்.

சாயங்காலம் அந்தப் படத்தைக் கழுவி எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வெளியே வந்தார். வெளிச்சத்தில் பிடித்து உற்றுப் பார்த்தார்.

"இதென்னம்மா, பண்ணையாரு காதுகிட்ட, பாறையில என்னமோ எறும்பு ஊருத மாதிரி?"

"அபயாம்பாள்."

"யாரு?"

"நான்தான். எழுதினவ பேரு."

காலடியில் போட்டிருந்தால் ஆட்கள் மறைத்துவிடுவார்கள். அதனால்தான் நின்றால் காது வருகிற உயரத்தில் போட்டிருந்தேன். அண்ணாச்சிக்குத் தூக்கிவாரிப் போட்டது. "படுதாவுல பேரு போடுத வழக்கமே கிடையாதுன்னு அன்னைக்கே சொன்னேன்லா? எடுக்குத படத்துல எல்லாம்லா விழும்! ஈரத்துணி எங்க, அழிச்சிருதேன்."

"அழிச்சுப் பாருங்க" என்றேன்.

மூன்று தடவை அழுத்தித் தேய்த்தார். துணியைத் திருப்பிப் பார்த்தார். வெள்ளையாக இருந்தது. அதை உதறிக் கொடியில் போட்டுவிட்டு, வாசலில் ஈரத் தலையோடு காத்திருந்த குடும்பத்தை உள்ளே வரச் சொன்னார்.